தட்டு ஏந்திய நடிகையும் ஆறு குமார்களும்

அந்த அம்மாள் இமிக்ரேஷன் ஆள் என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு தெருமுனையில், சலவைக்கடைக்காரி வேஷத்தில், இடது மணிக்கட்டில் குண்டூசி மெத்தை ஒன்றைக் கட்டிவிட்டு, எங்களைக் கண்காணிக்க அமெரிக்க அரசாங்கம் ஒரு கொரியப் பெண்மணியை உட்காரவைத்திருக்கிறது என்று ஏறத்தாழ ஆறு வாரம் நம்பினேன். நம்மை வேவு பார்க்க ஒரு வல்லரசு கடை வாடகை கட்டுகிறதே என்று அந்தப் பயத்துக்குள் பொடிசாக ஒரு பெருமையும் இருந்தது.

நம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி குழம்பிச் செத்துப்போகும் என்று அமெரிக்கா அலறிக்கொண்டிருந்த காலம். அலறல் கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்தவர்களில் நானும் ஒருவன். ஈரோட்டில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் மூன்று வருஷம் சம்பளப் பட்டியல் அடித்தவன். சென்னையில் நாற்பத்தைந்து நாள் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவன். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது எனக்கு இருந்தது மூன்று வருஷ அனுபவம். நியூஜெர்சியில் இறங்கியபோது எட்டாகியிருந்தது. நடுவில் இருந்த ஐந்து வருஷத்தை எங்கள் கம்பெனி முதலாளி ஃபேக்ஸிலேயே ஏற்றிவிட்டிருந்தார்.

முதலாளி கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு அபார்ட்மென்ட் எடுத்து அதற்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்திருந்தார். வேலை கிடைக்கும்வரை அங்கே தங்குவதற்குப் பெஞ்சில் இருப்பது என்று பெயர். அந்த வீட்டில் பெஞ்சு எதுவும் கிடையாது, தரைதான். நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட்டு, கருநீலம். யாருக்கு இன்டர்வியூ வருகிறதோ அவன் அதைப் போட்டுக்கொண்டு போவான். தோற்று வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டுவான். ஆறு பேருடைய பயமும் ஒரே கோட்டில் வியர்த்திருந்ததால் ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் முன்னால் அதைச் சலவைக்குப் போட வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்த அம்மாளிடம் போய்ச் சேர்ந்தோம்.

ஐம்பது வயதிருக்கும். சுருட்டிவிட்ட குட்டை முடி. கடைப் பலகையில் கிளீனர்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தது. அவருடைய கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பேசும்போதுகூட ஒரு பொத்தானையோ ஹாங்கரையோ நூல்கண்டையோ பிடித்திருப்பார். யாராவது கடைக்குள் நுழைந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் முதலில் பார்ப்பார். வந்தவன் போனதும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதுவார்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் ரகு. மாம்பலத்துப் பையன், கெஸ்ட் ஹவுஸின் வானொலி நிலையம்.

"தலைவரே, மூஞ்சிய பாக்கல, கவனிச்சீங்களா? கைய பாக்குது. ரேகை எடுக்கறதுக்கு அடி போடுது" என்றான். "பென்சில்வேனியால ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல இப்டித்தான் ஒரு ஐஸ்கிரீம் வண்டி நின்னுதாம். மூணே நாள். அத்தனை பேரும் ஏர்போர்ட்ல."

"ஐஸ்கிரீமாச்சும் குடுத்தாங்களாமா?" என்று கேட்டான் பழனிவேல். நாமக்கல்காரன், ஆறடி இரண்டங்குலம். அந்தக் கோட்டில் அவனுடைய கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வெளியே வந்துவிடும். எனக்கோ விரல்நுனிவரை மூடிவிடும்.

எங்கள் விசா நிஜம், அனுபவம்தான் பொய். பயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அன்றே பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆரம்பமாயின. இரண்டு பேர் சேர்ந்து அந்தக் கடைக்குப் போகக் கூடாது. போகிறவன் சீட்டில் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. எல்லோரும் குமார் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காக்காரனுக்கு எல்லா இந்தியனும் குமார்தான், சந்தேகமே வராது என்பது ரகுவின் சித்தாந்தம். நான் ஒரு படி மேலே போனேன். மளிகைக் கடையின் பின்பக்கக் குப்பைத் தொட்டிகளைச் சுற்றி, தொப்பி ஒன்றைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் போவேன். ஒருநாள் அந்த அம்மாள், உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் தனி ஆள், எனக்கு யாருமே கிடையாது என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் பழனிவேல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணா, சாவிய உட்டுட்டு வந்துட்டீங்க" என்றான். அந்த அம்மாள் எங்கள் இருவரின் கைகளையும் பார்த்தார். நோட்டை எடுத்தார்.

ஆறாவது வாரம் எல்லாம் உடைந்தது. என்னுடைய இரண்டாவது இன்டர்வியூ தோற்றிருந்தது. கேள்வி முடிவதற்கு முன்பே பதிலை ஆரம்பித்துவிடுவது என் வழக்கம். கோட்டைத் திரும்பவும் சலவைக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மாள் கோட்டை வாங்காமல், நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். உள்ளேயிருந்து அவருடைய கணவர் வந்தார். மெலிந்த, வார்த்தை பேசாத மனிதர். உயரத்தில் இருக்கும் துணியை எடுக்கும் நீளக் கம்பு ஒன்று அவர் கையில் இருந்தது.

நான் அவர்கள் கேட்காததையெல்லாம் சொன்னேன். என் அனுபவம் மூன்று வருஷம்தான், எட்டு இல்லை. என் பெயர் குமார் இல்லை. விலங்கு மட்டும் மாட்ட வேண்டாம், நானே நடந்து ஏர்போர்ட்டுக்குப் போய்விடுகிறேன் என்றேன். அமெரிக்காவில் நான் கொடுத்த ஒரே முழு ஒப்புதல் வாக்குமூலத்தை ஒரு சலவைக்கடையில் கொடுத்தேன்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் நோட்டின் மேல் விரலை வைத்து, "ஒரே கோட்டு. ஆறு குமார். ஏன்?" என்று கேட்டார்.

எங்களை ஏதோ கும்பல் என்று நினைத்து அவர்கள்தான் ஆறு வாரமாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள். வெவ்வேறு ஆள், ஒரே பெயர், ஒரே கோட்டு, குப்பைத் தொட்டிப் பக்கமாக வருகை. கம்பு அதற்குத்தான்.

நோட்டில் ஆறு கைகள் வரைந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே கொரிய எழுத்தில் ஏதோ. நெட்டைக் குமார் விரலைச் சொடுக்குகிறான். தொந்திக் குமார் மோதிரத்தைத் திருகுகிறான். குட்டைக் குமாரின் கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறது. குட்டைக் குமார் நான். ஒரு மனிதனுடைய கையைப் பார்த்தால் அவனுக்கு என்ன வேஷம் என்று தெரிந்துவிடும், எழுதிவைப்பது பழைய பழக்கம் என்றார் அவர். எந்தக் காலத்துப் பழக்கம் என்று கேட்டேன். பின்சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட துணிகளுக்கு இடையில் தொங்கிய ஒரு படத்தைக் காட்டினார். குடும்பப் போட்டோ என்று நான் நினைத்திருந்த படம். நடுவில் பட்டு உடுத்திய பெரியவர்கள்; வலது ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, தட்டு ஏந்தி நிற்கும் ஒரு பெண். அந்தப் பாதிப் பெண்தான் இவர்.

சியோலில் பதினாலு வருஷம் டெலிவிஷன் நடிகை. எத்தனை தொடர் என்று அவருக்கே கணக்கில்லை. எல்லாவற்றிலும் தட்டு. பணக்கார வீட்டுத் தேநீர்த் தட்டு, ஆஸ்பத்திரி மருந்துத் தட்டு, சாராயக் கடைத் தட்டு. ராஜா கதையில் மருந்துக் கிண்ணம். அதைக் குடித்து மூன்று ராஜாக்கள் செத்திருக்கிறார்கள். அதில் விஷம் இருந்தது என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வீட்டில் டெலிவிஷன் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம்.

எங்கள் இருவருக்குமே ஆங்கிலம் கடன் வாங்கிய கோட்டு மாதிரிதான். எனக்குக் கை நீளம், அவருக்குக் கை குட்டை. முக்கால்வாசியைக் கையால் சொல்வார். மிச்சத்தை நான் தமிழில் தருகிறேன். ஒருநாள் அட்டைப்பெட்டி மூடி ஒன்றை எடுத்துத் தட்டாக வைத்துக்கொண்டு நடந்து காட்டினார். ஏழை வீட்டு வேலைக்காரி தட்டை வயிற்றோடு ஒட்டிப் பிடிப்பாள். பெரிய வீட்டு வேலைக்காரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடிப்பாள். நர்சு நோயாளியைப் பார்க்க மாட்டாள், தட்டைத்தான் பார்ப்பாள். கெட்ட செய்தி கொண்டுவருகிறவள் தட்டில் ஒன்றுமே இல்லாதது மாதிரிப் பிடிப்பாள். நாலு பெண்கள் அந்தக் கடைக்குள் என் எதிரில் நடந்துபோனார்கள். அவருடைய கணவர், எதையும் யோசிக்காமல், தையல் மெஷின் விளக்கின் கழுத்தைத் திருப்பி மனைவியின் முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்தார். அந்தக் காலத்தில் அவர் ஸ்டுடியோவில் லைட்டு பிடித்தவர். இந்த ஊருக்கு வந்து எட்டு வருஷமாக இஸ்திரி போடுகிறார்.

வசனம் பேசியதே இல்லையா என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை, நாலு வாக்கியம். கடலுக்குப் போன கணவன் திரும்ப மாட்டான் என்று கதாநாயகியிடம் சொல்ல வேண்டும். இவர் ஈரத்துணி ஒன்றை மடித்துக்கொண்டே சொன்னார். அந்த வாரம் நிலையத்துக்குக் கடிதங்கள் வந்தன, யார் அந்த வேலைக்காரி என்று. கதாநாயகனுக்கு அம்மாவாக நடித்த மூத்த நடிகை டைரக்டரின் காதில் ஏதோ சொன்னார். கதையில் அந்த வேலைக்காரி அடுத்த வாரமே ஊருக்குப் போய்விட்டாள். இன்றுவரை திரும்பவில்லை.

இதையும் அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு பொத்தானைத் தைத்துக்கொண்டே சொன்னார்.

இதற்குள் எங்கள் முதலாளிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "ஏந் தம்பி, நானும் எத்தன நாளைக்குத்தான் வெச்சுச் சோறு போடறது?" என்று ஃபோனில் கேட்டார். இன்னும் ஒரே ஒரு இன்டர்வியூ. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, அடுத்த வியாழக்கிழமை பதினொரு மணி. அதுவும் போனால் சனிக்கிழமை விமானம். எங்கள் ஆறு பேரில் ஒருவன் ஏற்கெனவே அப்படிப் போயிருந்தான். அவனுடைய படுக்கையை நாங்கள் இன்னும் மடிக்கக்கூட இல்லை. அதே வாரம் ஈரோட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, பாப்பாவுக்கு ஸ்கூல்ல டி.சி. வாங்கிறட்டுங்களா? ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டுட்டே இருக்கறாங்க." எனக்கு வேலை கிடைத்து ஒரு மாதம் ஆகிவிட்டதாக மாமனாரிடம் சொல்லிவைத்திருந்தேன். கொஞ்சம் பொறு, இங்கே ஸ்கூல்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். தரையில் உட்கார்ந்துகொண்டுதான்.

கோட்டைக் கொடுக்கப் போன இடத்தில், காத்திருந்த நேரத்தில், ரகு எழுதித்தந்த பதில்களை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் ஊசியை நிறுத்தினார். சத்தமாகச் சொல் என்றார். சொன்னேன்.

"எனக்கு எட்டு வருஷ அனுபவம் இருக்கிறது."

"மோசம்" என்றார்.

பொய் சொல்வதில் அவருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். நடிப்பு மோசமாக இருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "நீ ரொம்ப சந்தோஷமா சொல்றே. எட்டு வருஷம் ஒரே வேலை பாத்தவன் இப்படிச் சிரிக்க மாட்டான். அங்க பாரு."

பார்த்தேன். நீராவிக்கு நடுவில் அவருடைய கணவர் ஒரு கால்சட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். அனுபவம் என்றால் என்ன என்று எனக்கு முதன்முதலாகப் புரிந்தது.

"அப்புறம், கை. கையில என்ன?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அதுதான் தப்பாம். ஒன்றுமில்லாத கை பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்; ஒரு தட்டு வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தட்டு கொண்டுபோக முடியாதே என்றேன். பேனாவோ, சாவியோ, ஏதாவது ஒன்று. கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் வாய் தன் பாட்டுக்குப் பேசும் என்றார். நாலு நாள் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி. நான் சோர்ந்துபோனவனாக நடிக்கக் கற்றுக்கொண்டேன். ரகு ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "தலைவரே, பாக்கவே பாவமா இருக்கு, சூப்பர்" என்றான். அது என் வாழ்க்கையில் வந்த முதல் விமர்சனம்.

கோட்டின் கை நுனியை எனக்காக உள்ளே மடித்து மெல்லிசாக நூலோட்டிவைத்தார். பழனிவேலுக்கு இன்டர்வியூ வந்தால் அந்த நூலை உருவிவிட்டு மொத்தத் துணியையும் இறக்கிவிடுவார். சியோலிலும் இப்படித்தானாம்: அரண்மனைப் பணிப்பெண் உடுப்பு ஒன்றே ஒன்று, அதற்குள் வாரம் ஒருத்தி. உடுப்பு அப்படியேதான் இருக்கும், ஆள்தான் மாறும்.

அப்போதுதான் அந்தக் கூட்டம் வந்தது. அமெரிக்காவுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் கதையை எடுக்க, கொரியாவிலிருந்து ஒரு டெலிவிஷன் குழு நியூஜெர்சிக்கு வந்திருந்தது. அவர்கள் கதையில் அமெரிக்கா போனவன் சலவைக்கடை வைப்பான்; எங்கள் கதையில் கம்ப்யூட்டர். இவருடைய கடையைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. கதையில் சலவைக்கடை நடத்தும் ஒரு பெண் வருகிறாள். நிறைய வசனம், அழுகை, கன்னத்தில் ஒரு அறைகூட உண்டு. அதற்கு இங்கேயே ஒருத்தரைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், என் பயிற்சி நின்று அவருடைய பயிற்சி ஆரம்பமாகிவிட்டது.

சலவைக்கடைக்காரி எப்படி நிற்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தன்னைத் தானே பார்க்க முடியாதே. "நான் எப்படி நிக்கறேன்?" என்று என்னைக் கேட்டார். நான் கவுண்டருக்குப் பின்னால் போய், மணிக்கட்டில் குண்டூசி மெத்தையைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று காட்டினேன். கணவர் விளக்கைத் திருப்பவே இல்லை. அதிலிருந்தே என் நடிப்பின் தரம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் டைரக்டருக்கு நடித்துக் காட்டினார். முப்பது வயதுப் பையனாம். இவர் யாரென்று அவனுக்குத் தெரியாது, இவரும் சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்பதைப் புதன்கிழமை எனக்கு இரண்டு வேஷத்தையும் போட்டுக் காட்டினார். டைரக்டர் தலையைச் சாய்த்துப் பார்க்கிறான். கையிலிருக்கும் காகிதத்தால் முகவாயைத் தட்டுகிறான். பிறகு மிகவும் மரியாதையாகச் சொல்கிறான்: "அம்மா, மன்னிக்கணும். நீங்க சலவைக்கடைக்காரி மாதிரி இல்ல. நடிகை மாதிரி இருக்கீங்க."

அவர் ஒரு ஹாங்கரின் வளைவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு வருஷத்துல ஒருத்தர்கூட என்கிட்ட இதச் சொன்னதில்ல, குமார்" என்றார்.

சியோலிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை படப்பிடிப்பு.

வியாழக்கிழமை. என் இன்டர்வியூ பதினொரு மணிக்கு, ரயில் பத்தைந்துக்கு. கோட்டை எடுக்க ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனேன். வாசலெல்லாம் கறுப்பு ஒயர்கள். காதில் எதையோ மாட்டியிருந்த ஒரு பையன் வழிமறித்து உதட்டில் விரலை வைத்தான். அவனுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். உள்ளே, மூன்று விளக்குகளுக்கு நடுவில், இஸ்திரி மேஜைமேல் என் கோட்டு படுத்திருந்தது.

சியோல் நடிகைக்கு இஸ்திரிப் பெட்டி பிடிக்க வரவில்லை. இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டு, ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம், கைகளை மட்டும் கடைக்காரம்மாளிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. கைக்கடியில் எதையாவது வைக்க வேண்டுமே. அலமாரியில் முதலில் தொங்கியது எங்கள் கோட்டு.

அவர் நிழலில் நின்றிருந்தார். கைகள் மட்டும் வெளிச்சத்தில். ஈரத்துணியைக் கோட்டின் கைமேல் விரித்தார். பெட்டியை ஓட்டினார். துணியை விலக்கினார். விரல் நுனியால் தோளிலிருந்து கை நுனிவரை ஒரு முறை தடவி, எனக்காக மடித்து நூலோட்டிய இடத்தில் நிறுத்தினார். டைரக்டர் மறுபடியும் என்றான். நீராவி கேமராக் கண்ணாடியை மூடிவிட்டதாம். மறுபடியும். ஒன்பதேகால் ஆயிற்று. ஒன்பதரை. நான் கணவர் பக்கமாக நகர்ந்து, கடிகாரத்தைக் காட்டினேன். அவர் விளக்குகளை வெறித்துக்கொண்டிருந்தார்.

"லைட்டு சரியில்ல" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. கடைசியும் அதுதான்.

மறுபடியும் பெட்டி ஓடியது. அந்த அம்மாள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் மேஜை விளிம்புக்குக் கீழே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில், அவருடைய இடது கை இரண்டு விரலை அசைத்தது. போ.

போனேன். கோட்டு இல்லாமல், பச்சைக் கோடு போட்ட சட்டையோடு, ரயில் நிலையத்துக்கு ஓடினேன். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கையில் கோட்டுக்கான ரோஸ் நிறச் சலவைச் சீட்டு மட்டும் இருந்தது. பேனாவைக்கூட மறந்துவிட்டிருந்தேன்.

இன்டர்வியூ எடுத்தவர் ஓய்வுபெறப் போகும் வயதில் ஒரு வெள்ளைக்காரர். டையில் கடுகு சாஸ் சொட்டியிருந்தது. எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டார். நான் ஓடிவந்த களைப்பில், சனிக்கிழமை விமானத்தை நினைத்துக்கொண்டே, பெருமூச்சு விட்டு, எட்டு என்றேன். கை தன் பாட்டுக்கு அந்தச் சீட்டை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். கோபோல் ஒரு மனிதனை இப்படித்தான் ஆக்கிவிடும், தானும் இருபது வருஷம் பார்த்தவன் என்றார். கேட்ட கேள்விகளுக்கு, கேள்வி முடிந்த பிறகு, சலிப்போடு பதில் சொன்னேன். ஐந்தில் நாலு சரி.

கிளம்பும்போது, வெளியே இவ்வளவு குளிர் இருக்கிறதே, கோட்டு இல்லையா என்று சாதாரணமாகக் கேட்டார். இந்தக் கேள்விக்கு ரகு பதில் எழுதித்தரவில்லை. பொய் எதுவும் கைவசம் இல்லாததால் உண்மையைச் சொன்னேன்: என் கோட்டு இப்போது ஒரு கொரியன் டெலிவிஷன் தொடரில் நடித்துக்கொண்டிருக்கிறது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். எட்டு வருஷ அனுபவத்தைக் கேள்வி கேட்காமல் நம்பிய மனிதர், அன்று நான் சொன்ன ஒரே உண்மையை மட்டும் நம்பவில்லை. இந்த வேலைக்கு நகைச்சுவை உணர்வு ரொம்ப முக்கியம், திங்கட்கிழமை வந்துவிடு என்றார்.

அன்று சாயங்காலம் ஈரோட்டுக்கு ஃபோன் பண்ணி, டி.சி. வாங்கிவிடச் சொன்னேன். அந்த எட்டு வருஷத்தில் இல்லாத ஐந்தை அடுத்த நாலு மாதத்தில் புத்தகம் வைத்துப் படித்துத் தீர்த்தேன். அது வேறு விஷயம். வேலை கிடைத்ததும் முதல் காரியமாகச் சலவைக்கடைக்குத்தான் போனேன். இன்டர்வியூவை அப்படியே நடித்துக் காட்டச் சொன்னார். நடித்தேன். பெருமூச்சு வந்த இடத்தில் கணவர் விளக்கைத் திருப்பினார்.

அந்தத் தொடரின் கேசட் கோடையில் வந்தது. வடக்கே கொரியர்கள் நிறைய இருக்கும் பாலிசேட்ஸ் பார்க்கிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையை அடைத்துவிட்டு, கவுண்டர்மேல் டெலிவிஷனை வைத்தார்கள். நான், ஊரிலிருந்து வந்திருந்த என் மனைவி, ரகு, பழனிவேல். எனக்கு அந்த அம்மாளின் பெயர் அன்றைக்கும் தெரியாது, கேட்கத் தோன்றவில்லை. அவரும் என் மனைவியிடம் என்னைக் குமார் என்றே சொல்ல, அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கதை எங்களுக்குப் புரியவில்லை. யாரோ யாரையோ விட்டுப் போகிறார்கள். சியோல் நடிகை மேஜை முன்னால் வந்து நின்று கண் கலங்குகிறாள். இஸ்திரிப் பெட்டியைப் பார்க்கிறாள். உடனே கைகள்.

"அண்ணா, நம்ம கோட்டு" என்றான் பழனிவேல்.

கணவர் எழுந்துபோய்க் கடையின் ட்யூப் லைட்டை அணைத்தார். ஈரத்துணி விரிந்தது, பெட்டி ஓடியது, விரல் தோளிலிருந்து இறங்கி என் நூலில் வந்து நின்றது. பிறகு நடிகையின் முகம். பிறகு ஹாங்கரில் கோட்டு மட்டும், தனியாக. ரகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாளின் மடியில் எதுவும் இல்லை. கைகள் சும்மா இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இந்தத் தடவ தட்டு இல்ல" என்றார்.

கடைசியில் பெயர்கள் ஓடின. கணவர் திரைக்குப் பக்கத்தில் போய், விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். திரும்பி வந்து கேசட்டை நிறுத்தினார். ட்யூப் லைட்டைப் போட்டார்.

கைகள் ஒன்பது வினாடி. கோட்டு பன்னிரண்டு வினாடி. பெயர் இரண்டுக்குமே போடவில்லை.